மருந்துக்குக் கேட்காத காய்ச்சல்

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் நகைக் கடன் படிவத்தில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'விவசாயச் செலவு' என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. போன மாதம் அரியலூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்த ஓர் அக்கா தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "வெவசாயமெல்லாம் இல்ல சார். புள்ளைக்கி டைபாய்டு. ரெண்டு டாக்டரு மாத்தியாச்சி, மருந்துக்கே கேக்கல." நான் வழக்கம்போல 'விவசாயம்' என்றே எழுதினேன். அது உறுத்துவதால்தான் இந்தத் தலையங்கம்.

மருந்து ஏன் கேட்கவில்லை? கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. 1972லேயே கோழிக்கோட்டில் குளோரம்பெனிக்காலுக்கு அடங்காத டைபாய்டு பரவியது. பிறகு வந்த சிப்ரோபிளாக்சசினும் இன்று நம் நாட்டில் பெரும்பாலும் பலிப்பதில்லை. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஐதராபாத்தில் கிளம்பிய டைபாய்டு, செப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் மசியவில்லை.

அரைகுறையாக மாத்திரை தின்ற ஏழைதான் இதற்குக் காரணம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். மூன்று நாள் கூலி போனால் நாலாம் நாள் மாத்திரைக்குக் காசு ஏது? கோழி சீக்கிரம் கொழுக்கட்டும் என்று தீவனத்தில் கொலிஸ்டின் மருந்தைக் கலந்தார்களே, அதை அரசு 2019இல்தான் தடை செய்தது. அதையும் சேரிக்காரனா கலந்தான்?

சிந்துவில் என்ன செய்தார்கள்? நம் ஐதராபாத்தில் பாரத் பயோடெக் தயாரிக்கும் டைபாய்டு தடுப்பூசியை அந்த ஐதராபாத்தின் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். 2019 நவம்பரில் பாகிஸ்தான் அதைக் குழந்தைகளுக்கான வழக்கமான இலவசத் தடுப்பூசித் திட்டத்திலேயே சேர்த்தது. மருந்துக்கு மசியாத டைபாய்டுக் கிருமிக்கும் மேலே அதே சர்க்கரை உறைதான். அந்த உறையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்த ஊசி இது. ஆறு மாதக் குழந்தைக்கும் பலிக்கிறது. காய்ச்சல் குறைந்தால் மருந்து தின்பதும் குறையும், கிருமி பழகுவதும் குறையும்.

இந்த ஊசிக்கு நம் நாட்டில் 2013லேயே அனுமதி கிடைத்துவிட்டது. காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியார் மருத்துவமனையில் போடுகிறார்கள். அப்படி ஒன்று இருப்பதே அந்த அக்காவுக்குத் தெரியாது. பச்சிளங்குழந்தைகளைக் கொல்லும் கிளெப்சியெல்லா கிருமிக்கான தடுப்பூசி இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. அது வரும்போதும் இதே கதைதானா?

ஊசி மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. மலம் கலந்த தண்ணீரில்தான் டைபாய்டு வருகிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது, பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. 1927இல் அம்பேத்கர் மகாட் குளத்தில் இறங்கியது தண்ணீருக்காகத்தான். நூறு வருசம் ஆகப்போகிறது, இன்னும் நல்ல தண்ணீருக்கு நிற்கிறோம்.

ஆகவே தோழர்களே, இரண்டையும் சேர்த்தே கேட்போம். அங்கன்வாடிக்கு வரும் நர்சம்மாவின் பெட்டியில் இந்த ஊசி இலவசமாக இருக்க வேண்டும். சேரிக்குத்தான் முதலில் வர வேண்டும். சேரித் தொட்டியின் தண்ணீரை மாதாமாதம் சோதித்து, முடிவைத் தொட்டியிலேயே எழுதிப் போட வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.

அந்த அக்காவின் தோடு இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. இனி அப்படி ஒருவர் வந்தால், நோக்கம் என்ற கட்டத்தில் உண்மையை எழுதுவேன்: பிள்ளைக்குக் காய்ச்சல்.