குடும்பக் கோப்பும் கணிப்பொறியும்

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். முதலாண்டு மாணவர் ஒருவர் தனி ஊசல் சோதனையை எழுதிப் பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். ஊசலின் நீளம் ஒரு மீட்டர். இருபது அலைவுகளுக்கு ஆன நேரம் 40.12 விநாடி; அதிலிருந்து கணக்கிட்ட புவியீர்ப்பு முடுக்கம் 9.81. அட்டவணை அழகாக இருந்தது. அதன் கீழே எழுதியிருந்த முடிவுரை அதைவிட அழகாக இருந்தது. ஒரே ஒரு குறைதான். எங்கள் ஆய்வகத்திலுள்ள நிறுத்து கடிகாரம் ஐந்தில் ஒரு விநாடிக்குக் குறைந்த எதையும் காட்டாது. 40.0 காட்டும், 40.2 காட்டும், 40.12 என்பதை அது தன் ஆயுளில் காட்டியதில்லை!

"ஏம்ப்பா, இதை எந்தக் கடிகாரத்தில் பார்த்தாய்?" என்று கேட்டேன். சற்று நேரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றவர், சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதியதாக ஒப்புக்கொண்டார். மறுநாள் ஊசலைக் கட்டி மீண்டும் அளக்கச் சொன்னேன். 9.6 வந்தது. கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

ஆய்வகப் பதிவேட்டில் இப்படி நடந்தால் நட்டம் அந்த மாணவர் ஒருவருக்குத்தான். ஒரு குழந்தை எந்த வீட்டில் வளர வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்வதற்காக எழுதப்படும் அறிக்கையில் இப்படி நடந்தால்? கற்பனைக்காகக் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அப்படி ஒன்று நடந்தேவிட்டது. மெல்போர்ன் நகரைத் தலைநகராகக் கொண்ட மாநிலம் அது.

பெற்றோரின் வீட்டில் ஒரு குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை என்று தெரியவந்தால் அங்கே அரசின் குழந்தைப் பாதுகாப்பு ஊழியர்கள் தலையிடுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் விசாரிப்பார்கள். யாருக்கு என்ன நோய், யார் மீது என்ன வழக்கு, யார் குடிக்கிறார்கள், யார் யாரை அடித்தார்கள் என்று அக்கம்பக்கத்தாருக்கும் தெரியாத செய்திகளையெல்லாம் திரட்டுவார்கள். பிறகு குழந்தைகள் நீதிமன்றத்துக்கு ஓர் அறிக்கை எழுதுவார்கள். அந்த அறிக்கையைப் படித்துத்தான் நீதிபதி முடிவெடுக்க வேண்டும். அவர் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. ஊழியர்தான் அவருக்குக் கண்.

ஊழியர் ஒருவர் இத்தகைய அறிக்கையொன்றை எழுதச் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினார். நேரம் மிச்சமாகும், நடையும் கண்ணியமாக அமையும் என்பது அவர் நினைப்பு. அந்த அறிக்கையில் குழந்தையின் பொம்மை ஒன்று பற்றிய குறிப்பு இருந்தது. அந்தப் பொம்மையைத் தந்தை தகாத முறையில் பயன்படுத்தியதாக அலுவலகத்துக்கு முன்பே தகவல் வந்திருந்தது. அதாவது, குழந்தைக்கு ஆபத்து இருக்கக்கூடும் என்பதற்கு அது ஓர் அடையாளம். அறிக்கையிலோ, பெற்றோர் தம் குழந்தையின் வளர்ச்சிக்கு உதவும் வகையில் வயதுக்கேற்ற விளையாட்டுப் பொருள்களை அளித்துள்ளனர் என்று அவர்களுடைய சிறப்பாகவே அது குறிக்கப்பட்டிருந்தது! எச்சரிக்கை பாராட்டாக மாறிவிட்டது. நடையும் சொற்களும் அலுவலகத்தின் வழக்கமான முறையில் இல்லாததால்தான் சந்தேகம் எழுந்தது. நல்லவேளையாக, குழந்தையைப் பற்றிய இறுதி முடிவு இதனால் மாறவில்லை. அம்மாநிலத் தகவல் ஆணையர் அலுவலகம் இதை விசாரித்து 2024 செப்டம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது.

இயந்திரம் ஏன் இப்படி எழுதியது? அது பொய் சொல்ல வேண்டும் என்று எண்ணவில்லை; எண்ணுவதற்கு அதற்கு மனமும் இல்லை. மனிதர் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து, இந்தச் சொற்களுக்கு அடுத்து எந்தச் சொல் வருவதற்கு வாய்ப்பு மிகுதி என்பதை அது எண்களாகக் கற்று வைத்திருக்கிறது. நாம் கொடுக்கும் வாசகத்தையும் எண்களாக்கிக்கொண்டு, வாய்ப்பு மிகுந்த சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்கிறது. குழந்தை, பெற்றோர், பொம்மை ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் பக்கங்களில் பெரும்பாலானவை அன்பையும் வளர்ச்சியையும் பற்றியவையாகத்தானே இருக்கும்? எனவே அந்தப் பக்கமே வாசகம் சாய்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆனால் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு குடும்பத்துக்குக் கோப்பு திறக்கப்படுவதே, அந்த வீடு பெரும்பாலான வீடுகளைப் போல இல்லை என்பதால்தான். வழக்கமானதைச் சொல்வதில் வல்ல இயந்திரத்தை, வழக்கத்துக்கு மாறானதைச் சொல்ல வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். 9.6 வரவேண்டிய இடத்தில் 9.81 வந்து நின்றது.

இதுவரை சொன்னதைப் பலரும் சொல்வார்கள். இதைவிடப் பெரிய தவறு என்று நான் கருதுவது வேறு. பிழையான வாக்கியத்தைத் திருத்திவிடலாம். அந்த வாக்கியத்தைப் பெறுவதற்காக உள்ளே செலுத்திய விவரங்களை என்ன செய்வது?

சாட்ஜிபிடியின் பெட்டியில் நாம் தட்டுவது நம் மேசையிலுள்ள கணிப்பொறியோடு நின்றுவிடுவதில்லை. கண்ணாடி இழை வழியாக, பெரும்பாலும் கடல் கடந்து, அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் கணிப்பொறிக் கூடத்துக்குப் போய்ச் சேருகிறது. அங்கே பதிவாகிறது. எவ்வளவு காலம் வைத்திருப்பது, மேற்கொண்டு எதற்குப் பயன்படுத்துவது என்பதையெல்லாம் அந்நிறுவனமே வகுக்கிறது. விக்டோரியாவில், அந்தக் குடும்பத்தின் மிக நுட்பமான அந்தரங்கச் செய்திகள் இவ்வாறு துறையின் கட்டுப்பாட்டை விட்டே வெளியேறிவிட்டன என்று ஆணையர் அலுவலகம் கண்டறிந்தது. ஒரு குவளை நீரில் ஒரு சொட்டு மையை விட்டபின் அதைத் திரும்ப எடுக்க முடியுமா? மை இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல இயலாது.

"நாமும்தானே அன்றாடம் நம் செய்திகளைக் கைப்பேசியில் அள்ளிக் கொட்டுகிறோம், இதில் என்ன புதுமை?" என்று நீங்கள் கேட்கலாம். வேறுபாடு இருக்கிறது. நாம் கொட்டுவது நம் விருப்பத்தின் பேரில், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். அரசின் சமூகநல அலுவலகத்துக்கு வரும் மனிதருக்கு அந்த வசதி இல்லை. உதவித்தொகை வேண்டுமென்றால் வருமானத்தைச் சொல்லியாக வேண்டும். மருத்துவ உதவி வேண்டுமென்றால் நோயைச் சொல்லியாக வேண்டும். குழந்தைப் பாதுகாப்புத் துறையிலோ யாரும் தாமாகப் போய் நிற்பதுகூட இல்லை. துறைதான் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. ஆகவே அவர்கள் கொடுக்கும் விவரம் அடைக்கலப் பொருளைப் போன்றது. அடகுக் கடையில் வைத்த சங்கிலியைக் கடைக்காரர் வீட்டுப் பெண் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் பொறுப்போமா? பத்திரமாகத் திரும்பி வந்தாலும் அது தவறுதான்.

இங்கே சிலர் எளிய வழி ஒன்றைச் சொல்வார்கள். பெயரை நீக்கிவிட்டு மற்றவற்றைக் கொடுத்தால் போதுமே என்பார்கள். போதுமா என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

10,000 பேர் வாழும் ஓர் ஊர். அவ்வூரார் ஒருவரைப் பற்றிப் பெயர் இல்லை, முகவரி இல்லை. பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும் தெரியும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 365 நாள்; வயது 80 வரை என்றால் 365 × 80 = 29,200 பிறந்த தேதிகள். ஆண், பெண் என இரண்டால் பெருக்கினால் 58,400. இவற்றை 58,400 பெட்டிகள் என்று எண்ணுங்கள். 10,000 பேரை அவற்றில் போட வேண்டும். ஆள்களைவிடப் பெட்டிகள் ஏறக்குறைய ஆறு மடங்கு! உங்கள் பெட்டியில் இன்னொருவர் வந்து விழாமலிருக்க நிகழ்தகவு என்ன? மற்ற 9,999 பேரில் ஒவ்வொருவரும் உங்கள் பெட்டியைத் தவறவிட வேண்டும். கணக்கிட்டால் நூற்றுக்கு 84 வரும். அதாவது அவ்வூரில் நூற்றுக்கு எண்பத்து நான்கு பேர் தத்தம் பெட்டியில் தனியாக இருப்பார்கள். பெயரில்லாத அந்தத் தாள் அவர் ஒருவரை மட்டுமே சுட்டும். (எல்லா வயதிலும் சம எண்ணிக்கையில் மக்கள் இருப்பதில்லையாதலால் உண்மையில் இது சற்றுக் குறையும். வாத்தியார் கணக்கு இப்படித்தான்.)

அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி என்னும் கணிப்பொறி அறிஞர் 1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு இதையே ஆராய்ந்தார். அஞ்சல் குறியீட்டு எண், பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றைக் கொண்டே அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 87 பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் 2006இல் பிலிப் கோல் என்பவர் 2000ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு செய்து பார்த்தபோது நூற்றுக்கு 63 என்று கிடைத்தது. 63 என்றே வைத்துக்கொண்டாலும் பாதிக்கு மேல். இத்தனைக்கும் இவை மூன்றே விவரங்கள். குடும்பக் கோப்பில் முந்நூறு விவரங்கள் இருக்கும்: எந்தப் பள்ளி, தந்தைக்கு என்ன வேலை, எந்த மாதம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், எந்த வழக்கு. பெயரை அடித்துவிட்டு மீதியைக் கொடுப்பது, வீட்டுப் பலகையைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்துபோடுவதைப் போன்றது.

அந்த ஊழியரைத் திட்டித் தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை. 2023 ஜூலை முதல் டிசம்பர் வரையிலான ஆறு மாதத்தில் அந்தத் துறையின் ஊழியர்களில் ஏறத்தாழ 900 பேர், அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று பேர், சாட்ஜிபிடி தளத்துக்குச் சென்றிருக்கிறார்கள். அவர் பணிபுரிந்த பிரிவின் ஓராண்டுக் கோப்புகளைப் புரட்டியபோது, 100 வழக்குகளில் அதைப் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதற்கான சாயல்கள் தென்பட்டன. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில். ஓராண்டு கழிந்தும் அதை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று ஊழியர்களுக்குத் துறை தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. கணிப்பொறியைப் பயன்படுத்துவதற்கான பழைய பொது விதிகளையே நம்பியிருந்தார்கள். மேசையில் கோப்புகள் குவிந்து கிடக்க, பக்கத்திலேயே நொடியில் எழுதித் தரும் இயந்திரமும் இருந்தால் கை அதை நாடாமல் என்ன செய்யும்? குற்றத்தில் பெரும்பங்கு, விதி வகுக்க வேண்டிய நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களுக்கே உரியது.

குழந்தைப் பாதுகாப்பு ஊழியர்கள் சாட்ஜிபிடியையும் அதுபோன்ற மற்றவற்றையும் அணுக முடியாதபடி தடுக்க வேண்டுமென்று ஆணையர் அலுவலகம் ஆணையிட்டது. 2024 நவம்பர் 5 முதல் இரண்டாண்டுக் காலத்துக்கு அந்தத் தடை. நம் நாட்டிலும் 2025 ஜனவரியில் மத்திய நிதியமைச்சகம், அலுவலகக் கணிப்பொறிகளில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. தடை போடுவது அறிவியலுக்கு எதிரானது என்று என் நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். ஒரு காலத்தில் காலணிக் கடையில்கூட எக்ஸ்ரே கருவியை வைத்துக் குழந்தைகளின் பாதத்தைப் படம் பார்த்தார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவேன். பிறகு கடையிலிருந்து அது அகற்றப்பட்டது, ஆஸ்பத்திரியில் நிலைத்தது. அதனால் இயற்பியல் ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை.

துறை தன் சொந்தக் கட்டடத்துக்குள்ளேயே கணிப்பொறிகளை வைத்து, வெளியே ஒரு சொல்லும் போகாதபடி இத்தகைய இயந்திரத்தை இயக்க முடியும். அதற்கான மென்பொருள்கள் உள்ளன. அப்போது மை குவளைக்கு வெளியே சிந்தாது. ஆனால் பொம்மைச் சிக்கல் அப்படியே இருக்கும். கண்ணால் பார்த்தவர் தம் கையால் எழுத வேண்டிய பகுதி எது என்பதை முதலில் வரையறுத்துவிட்டு, கடித உறை முகவரி, பொது விதிகளின் சுருக்கம் போன்ற மற்ற வேலைகளை இயந்திரத்துக்கு ஒதுக்கலாம் என்பதே என் கட்சி. கோப்புகளைக் குறைக்க வேண்டுமானால் ஆள்களைக் கூட்டுங்கள் என்றும் சொல்வேன். அது செலவு பிடிக்கும் வழி என்பதால் யாருக்கும் பிடிப்பதில்லை.

மேலே போட்ட பெட்டிக் கணக்கை நீங்களும் செய்து பார்க்கலாம். உங்கள் பள்ளியில் நூறு மாணவர்களிடம் பிறந்த தேதி, எத்தனை உடன்பிறந்தோர், பள்ளிக்கு நடந்து வருகிறாரா பஸ்ஸிலா என்ற மூன்றை மட்டும், பெயர் எழுதாமல், துண்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். எத்தனை தாள்கள் மற்றொன்றோடு ஒத்துப் போகின்றன, எத்தனை தனித்து நிற்கின்றன என்று எண்ணுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முன்னதாகவே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தர விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். எண்ணி முடித்ததும் தாள்களைக் கிழித்துவிட்டு, விடையை மட்டும் எங்களுக்கு எழுதுங்கள்.