திறந்து பார்க்கும் கைகளுக்கு என்ன மரியாதை?

காசு கொடுத்து வாங்கிய பொருள் பழுதானால் அதைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு உண்டா, இல்லையா? கேள்வி சின்னதாகத் தெரியும். டிவியோடு இணைத்து விளையாடும் வீடியோ கேம் கருவி ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 4-இன் பின்பக்கத்தில் திருகாணியை மறைத்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்தால் வாரண்டி போச்சு என்று அர்த்தம். துணிந்து கிழித்தாலும் வீட்டில் இருக்கும் ஸ்குரூ டிரைவர் அந்தத் திருகாணியில் உட்காராது. ஆறு முனை நட்சத்திரமாக ஒரு பள்ளம், அதன் நடுவே ஒரு குச்சி. அதற்கென்று தனி டிரைவர் வேண்டும். வாங்கியது நீங்கள்தான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வேலை உங்களுடையதல்ல என்று அந்தப் பெட்டியே சொல்கிறது.

தோழர்கள் சிலர் கேட்கலாம். கூலி, நிலம், கல்வி, ஆணவக்கொலை என்று ஆயிரம் பிரச்சினைகள் இருக்கும்போது விளையாட்டுப் பெட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? இருக்கிறது. உறையூரில் தொடங்கிச் சத்திரம் பேருந்து நிலையம் வரை சின்னச் சின்னக் கடைகளில் செல்போனும் டிவியும் கேம் கன்சோலும் பழுது பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். களப்பணியில் நான் சந்தித்தவர்களில் பலர் பத்தாவது, பன்னிரண்டாவதோடு நின்றவர்கள், சிலர் ஐடிஐ முடித்தவர்கள். நம் தெருக்களிலிருந்து போனவர்கள் அதில் கணிசம். அவர்கள் கையில் இருக்கும் அறிவுக்கு இந்தச் சமூகம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்ப்போம். பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அவசரப்பட்டுக் கை வைத்தால் ஷாக் அடிக்கும். மேல்மூடி, கீழ்மூடி, பவர் சப்ளை, டிஸ்க் டிரைவ், ஃபேன், ஹீட் சிங்க் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். எந்தத் திருகாணி எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று நினைவு வைக்க வேண்டும். நீளமான திருகாணியைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் போர்டே போய்விடும். நம் ஊர்ப் புழுதி ஃபேனிலும் ஹீட் சிங்கிலும் அடைத்துக்கொள்ள, பெட்டி சூடேறித் தானாக அணைந்துவிடும். புழுதியை எடுத்து, காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டி, புதிது தடவினால் பாதி பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு வழக்கமான பழுது, டிவி ஒயர் செருகும் எச்டிஎம்ஐ போர்ட் உடைவது. அதில் 19 பின்கள். பழையதைச் சூடான காற்றால் இளக்கி எடுத்து, பக்கத்தில் இருக்கும் பொடிப் பாகங்கள் நகராமல் புதியதை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சூடு கூடினால் போர்டு வீங்கும், குறைந்தால் ஈயம் பிடிக்காது. எத்தனை நொடி சூடு காட்டுவது என்பதைப் புத்தகம் படித்து மட்டும் கற்க முடியாது. பல போர்டுகளில் கை பழகியவருக்குத்தான் அது வரும். பிளேஸ்டேஷன் 5-இல் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு சொட்டு தவறி விழுந்தால் ஷார்ட். இத்தனையையும் தெரிந்து செய்பவரைத்தான் நாம் போகிற போக்கில் ‘ரிப்பேர் பையன்’ என்கிறோம்.

இந்த அறிவு நேற்று முளைத்ததல்ல. 1990-களில் லிட்டில் மாஸ்டர், மீடியா என்ற பெயர்களில் வந்த டிவி கேம் பெட்டிகள் பலருக்கு நினைவிருக்கும். ஜப்பானில் 1983-இல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள் அவை. பல பெட்டிகளில் முக்கியச் சிப்பைக் கறுப்புப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். அது செத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அடாப்டர் ஒயர், சுவிட்ச், ரெகுலேட்டர், கேசட் செருகும் இடத்தின் 60 பின்கள் எல்லாவற்றையும் தெருமுனை ரேடியோ கடைக்காரர் சரிசெய்து கொடுத்துவிடுவார். நாம் கேசட்டை வாயால் ஊதிக்கொண்டிருந்தோம். எச்சில் ஈரம் பட்டால் பின் துருப்பிடிக்கும் என்று சொல்லி, அழிரப்பரால் தேய்த்துக் கொடுத்தவர் அவர். விலை உயர்ந்த பொருளை ஏழைத் தெருவில் பல ஆண்டு ஓடவைத்தது இப்படிப்பட்ட கைகள்தான்.

அந்தக் கைகளைத்தான் நிறுவனங்கள் இப்போது பூட்டுப் போட்டுத் தடுக்கின்றன. திருகாணியும் ஸ்டிக்கரும் வெளிப்பூட்டு. உள்பூட்டு இன்னும் கெட்டி. முதலில் வந்த பிளேஸ்டேஷன் 4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் டிஸ்க் டிரைவ் அந்தந்தப் பெட்டியின் மதர்போர்டோடு ரகசியக் குறியீட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது. வேறு பெட்டியிலிருந்து நல்ல டிரைவைக் கழற்றி மாட்டினால் டிஸ்க் ஓடாது. பழைய டிரைவின் சின்ன போர்டைப் பெயர்த்துப் புதியதில் பொருத்த வேண்டும். அந்த போர்டே எரிந்துபோனால் தெருக்கடைக்காரருக்கு வழி இல்லை. 2023-இல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5-இல் டிரைவைத் தனியே கழற்றி மாட்டலாம். ஆனால் முதல்முறை மாட்டும்போது இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வரோடு பேசி ஒப்புதல் வாங்க வேண்டும்.

திருட்டு விளையாட்டுகளைத் தடுக்கத்தான் இது என்பது நிறுவனங்களின் வாதம். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஃபேன் மாற்றுவதற்கும் திருட்டு டிஸ்க்குக்கும் என்ன தொடர்பு? அமெரிக்காவின் வணிக ஆணையம் 2018 ஏப்ரலில் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூன்றும் அதில் இருந்தன. ஸ்டிக்கர் கிழிந்தாலே வாரண்டி இல்லை என்று பொதுவாக மிரட்டுவது அந்நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாது என்பதே கடிதத்தின் சாரம். இருந்தும் 2023-இல் மினசோட்டாவும் கலிபோர்னியாவும் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது, போனையும் கணினியையும் உள்ளே சேர்த்து, வீடியோ கேம் கன்சோலை வெளியே விட்டுவிட்டன.

‘கண்டவன் கை வைத்தால் கெட்டுப்போகும்’ என்ற பேச்சையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360 கருவியில் சிவப்பு விளக்கு வளையமாக எரிந்து பெட்டி செத்துப்போகும் பழுது உலகம் முழுவதும் பேசப்பட்டது. சூடாவதும் ஆறுவதுமாக இருந்ததில் சிப்புக்குள் இருந்த இணைப்புகள் விரிசல் விட்டதே காரணம். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கான வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டித்து, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. படித்த பொறியாளர்கள் வடிவமைத்த பெட்டி அது. தவறு எந்தக் கையிலும் நடக்கும். பெரிய கையின் தவறுக்குத் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று பெயர், சின்னக் கையின் தவறுக்குத் ‘தகுதியின்மை’ என்று பெயர்.

இங்கேதான் சாதி வருகிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குவது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே ‘சாதி ஒழிப்பு’ உரையில் விளக்கினார். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் அதோடு மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் வெளியிட்ட ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சென்னை ஐஐடியை மையமாக வைத்து எழுதப்பட்ட நூல் அது. கைவினைச் சாதிகளிடம் இருந்த தொழில்நுட்ப அறிவு காலனிய காலத்தில் கல்லூரிப் பட்டமாக மாறியதையும், அந்தப் பட்டம் ஆதிக்கச் சாதிகளின் கைக்குப் போய்ப் பிறகு ‘தகுதி’ என்று பெயர் பெற்றதையும் அவர் காட்டுகிறார்.

உறையூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. கைத்தறியும் சுருட்டும் இந்த ஊரின் அடையாளம். திருச்சிச் சுருட்டைச் சர்ச்சில் புகைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதைச் சுற்றிய ஒரு தொழிலாளியின் பெயராவது யாருக்காவது தெரியுமா? பொருளுக்குப் புகழ், கைக்குப் பெயர் இல்லை. கன்சோலிலும் அதே கதைதான். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பெட்டியைத் திறப்பவர் ‘இன்ஜினியர்’. உறையூர் கடையில் திறப்பவர் ‘மெக்கானிக்’. காயலான் கடையில் அதையே உடைத்துப் பிரிப்பவருக்குப் பெயரே கிடையாது. அங்கே ஏசி உண்டு, சர்க்யூட் படம் உண்டு, சம்பளச் சீட்டு உண்டு. காயலான் கடையில் ஒரு கையுறைகூட இல்லை.

காயலான் கடையைச் சும்மா சொல்லவில்லை. பழுது பார்க்க வழியில்லாத பெட்டி குப்பையாகும். குப்பை யார் வாசலுக்கு வரும் என்பது நமக்குத் தெரியும். ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி 2022-இல் உலகில் உருவான மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். டெல்லி சீலம்பூரில் போர்டுகளைப் பிரித்து, ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர்களைப் பற்றி எத்தனையோ செய்திகள் வந்துவிட்டன. அந்தப் புகையை மூக்கில் வாங்குபவர்கள் ஏழை முஸ்லிம்களும் தலித்துகளும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களும். மலக்குழியில் யாரை இறக்குகிறதோ, அதே சமூகம்தான் நச்சுக் குப்பையையும் யார் பிரிப்பது என்று முடிவு செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022, விளையாட்டுக் கருவிகளையும் பட்டியலில் சேர்த்தன. நல்லது. ஆனால் 2016 விதிகளில் தனி வகையாக இருந்த ‘பிரித்தெடுப்பவர்’ புதிய விதிகளின் பதிவு வகைகளில் இல்லை. உற்பத்தி செய்பவர், சந்தைக்குக் கொண்டுவருபவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் என்று நான்கு வகைகள்தான். வேலை நடக்கிறது, வேலை செய்பவர் மட்டும் காகிதத்தில் காணாமல் போய்விட்டார். 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. டிசம்பரில் இணையதளமும் வந்தது. வேளாண் கருவிகள், செல்போன் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கேம் கன்சோலுக்கு அதில் தனி இடம் இல்லை. அந்த முயற்சியின் பேச்சு பெரும்பாலும் வாங்கியவரின் உரிமையைச் சுற்றியே இருக்கிறது. பழுது பார்க்கும் தொழிலாளியின் உரிமையை யார் பேசுவது?

நம் தரப்பிலிருந்தே ஒரு எதிர்வாதம் வரும். ‘நம் பிள்ளைகள் இன்ஜினியராக வேண்டும், மெக்கானிக்காகவே இருக்கச் சொல்கிறீர்களா?’ இது நியாயமான கோபம். கைத்தொழிலைப் புகழ்ந்து பாடியே நம்மைக் கீழே வைத்திருந்த வரலாறு இருக்கிறது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துப் போராடி ஒழித்த மண் இது. அப்பன் வேலையை மகன் செய் என்று யார் சொன்னாலும் எதிர்ப்போம். ஆனால் பட்டம் படிக்கப் போராடுவதும், பட்டம் இல்லாத அறிவுக்கு மதிப்புக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. கையால் செய்யும் வேலை தாழ்ந்தது என்ற எண்ணம் அப்படியே இருந்தால், நம் பிள்ளை இன்ஜினியரான பிறகும் அவன் அண்ணனைப் பார்த்து அதே ஏளனச் சிரிப்பு தொடரும். சில சமயம் அவனே சிரிப்பான்.

ஆகவே மாணவர்களும் இளம் செயல்பாட்டாளர்களும் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, கேம் கன்சோல் உட்பட எல்லா மின்னணுப் பொருட்களுக்கும் உதிரிபாகம், சர்க்யூட் படம், பழுது பார்க்கும் கையேடு ஆகியவை தெருக்கடைக்காரருக்கும் நியாய விலையில் கிடைக்க வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறைக்கு எழுதுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சென்டருக்கு மட்டும் கொடுத்தால் அது உரிமை அல்ல, ஏகபோகம்.

இரண்டு, ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முன்கற்றல் அங்கீகாரத் திட்டம் ஒன்றிய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே இருக்கிறது. தாட்கோ வழியாகத் திறன் பயிற்சியும் மானியத்தோடு கடனும் தருகிறார்கள். நம் தெருவில் கடை வைத்திருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. ஒரு ஹாட் ஏர் மெஷின், ஒரு நல்ல மைக்ரோஸ்கோப், ஈயப்புகையை வெளியே இழுக்கும் ஒரு ஃபேன் இருந்தால் அந்தக் கடையின் தரமும் உயரும், அவர் நுரையீரலும் பிழைக்கும்.

மூன்று, உங்கள் கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் துறையில் ஒரு கேள்வி கேளுங்கள். போர்டு பழுது பார்ப்பதைச் சொல்லித்தர உறையூர் கடைக்காரர் ஒருவரை மதிப்பூதியம் கொடுத்து அழைக்க முடியுமா என்று. ‘அவருக்கு என்ன தகுதி’ என்று பதில் வந்தால், அதையே விவாதப் பொருளாக்குங்கள்.

நான்கு, ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாதம் ஒரு ஞாயிறு பழுதான பொருட்களைச் சேர்ந்து உட்கார்ந்து கழற்றிப் பாருங்கள். ஒயரைப் பிடுங்கி வையுங்கள், பவர் சப்ளையைத் தெரிந்தவர் இல்லாமல் தொடாதீர்கள், திருகாணிகளைக் காகிதத்தில் படம் போட்டு அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். மாணவிகளை வேடிக்கை பார்க்க நிற்க வைக்காதீர்கள், டிரைவரை அவர்கள் கையிலும் கொடுங்கள்.

அடுத்தமுறை கன்சோலையோ போனையோ கடையில் கொடுக்கும்போது அந்தக் கடைக்காரரின் பெயரைக் கேளுங்கள். என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். சர்வீஸ் சென்டரில் மூச்சு விடாமல் கொடுக்கும் தொகையை அவரிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

ஜெய் பீம்!