இழுப்பது எளிது, நிறுத்துவது அரிது

மேனாட்டார் விடுமுறை நாட்களில் ஒரு சிறு வீட்டையே வண்டியின் பின்னே பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவர். நம் சித்தூர்ச் சீமையில் வண்டியின் பின்னே செல்வது வீடன்று, மாங்காய். ஆனி மாதத்தில் மாங்கூழ் ஆலைகளை நோக்கி டிராக்டர்கள் சாரிசாரியாகச் செல்வதை நாம் அறிவோம். இத்தொழிலில் புதிதாய் இறங்கும் நம் இளைஞருக்குச் சில சொல்வோம்.

டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனிப் பிரேக் கிடையாது. முழுப் பாரத்தையும் டிராக்டரே நிறுத்தவேண்டும். ஆகவே, சாலையேறுமுன் இடம், வலம் என்னும் இரு பிரேக் மிதிகளையும் ஒன்றாக இணைத்துவிடுக. தனித்தொன்றை மிதித்தால் வண்டி ஒருபுறம் திரும்பிக் கவிழக்கூடும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுதல் பேதைமை. ஏறிய கியரிலேயே இறங்குக. இருசக்கர டிரெய்லரில் பாரம் சற்றே முன்புறம் அமைக. பின்புறம் மிகுந்தால் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பிழக்கும். பின்னோக்கிச் செலுத்தத் தொடங்குகையில், டிரெய்லர் திரும்பவேண்டிய திசைக்கு எதிராகவே ஸ்டியரிங்கைத் திருப்புக. இதனை வெற்றுத் திடலில் பழகுக.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு சொல். காணிப்பாக்கத்துக்கோ திருப்பதிக்கோ செல்லும் நாளில், செலவு குறையுமென்று குழந்தை குட்டிகளோடு டிரெய்லரில் ஏறாதீர். சரக்கு வண்டியில் ஆளேற்றச் சட்டம் இடந்தருவதில்லை. சிந்திய மாங்காய் அடுத்த ஆனியில் மீண்டும் காய்க்கும், உயிர் அவ்வாறன்று. பேருந்துக் கட்டணம் அதனினும் பெரிதோ?