தரகா, பத்தாயமா?

கும்பகோணத்து வாலிபர் ஒருவர் நம்மிடம் சட்ட யோசனை கேட்க வந்தார். பகலில் கம்ப்யூட்டர் உத்தியோகம். இராக்காலங்களில், பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்களை ஜனங்கள் வாங்கவும் விற்கவும் ஒரு எக்ஸ்சேஞ்சுத் தரகுக் கடையை உபதொழிலாக நிர்மாணித்து வருகிறார். நம் ஜில்லா வாலிபர்கள் பிறரிடம் கைகட்டிச் சேவகம் செய்வதோடு நில்லாமல் சொந்தத் தொழிலுக்கு முற்படுவது நமக்கு மெத்த சந்தோஷமே. ஆயினும் அவர் இட்ட பெயர் ஒன்று, தொழில் வேறொன்று.

நெல் தரகர் யாரென்பது தஞ்சை ஜில்லாவில் சிறு பிள்ளைக்கும் தெரியும். குறுவை அறுப்பானதும் களத்துக்கு வருகிறார். மிராசுதாருக்கும் வியாபாரிக்கும் விலை பேசி முடிக்கிறார். மூட்டைக்கு இவ்வளவென்று தரகு பெற்றுப் போகிறார். நெல்லைத் தம் வீட்டுப் பத்தாயத்தில் கொட்டிக்கொள்வதில்லை. எக்ஸ்சேஞ்சோ அப்படியன்று. கிரிப்டோ நாணயம் கையில் பிடிக்கும் காசன்று. பொதுக் கணக்கேடு ஒன்றில் உள்ள பதிவு. அதைப் பெயர் மாற்றும் இரகசியச் சாவி எவரிடம் உளதோ அவரே அதை ஆள்பவர். பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில் அச்சாவி வாடிக்கைக்காரரிடம் இல்லை, கடைக்காரரிடமே இருக்கிறது. ஆகவே தரகரென்று பலகை மாட்டியவர் ஊரார் நெல்லுக்கெல்லாம் பத்தாயம் வைத்திருப்பவராகிறார். அதை ஒழிந்த வேளையில் காவல் காக்க முடியுமா?

மவுண்ட் காக்ஸ் என்னும் எக்ஸ்சேஞ்சின் கதையைக் கேளுங்கள். விளையாட்டுச் சீட்டுகளை மாற்றிக்கொள்வதற்காகத் தாம் வைத்திருந்த இணையப் பெயரில், ஜெட் மெக்கேலெப் என்ற அமெரிக்கர் 2010-இல் அதைத் தொடங்கினார். மறு வருஷமே வேறொருவருக்கு விற்றுவிட்டார். 2014-இல் டோக்கியோவில் அது கதவடைத்தபோது சுமார் 8,50,000 பிட்காயின் காணவில்லை; பின்னர் அகப்பட்டவை சுமார் 2,00,000. நம் தேசத்திலும் 2024 ஜூலையில் வாஸிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமானம் களவு போயிற்று.

வியாதி புதிதன்று. ஏஜென்சி வியாபாரமும் பொதுஜன டிபாசிட்டும் ஒரே கூரையின்கீழ் நடத்திய ஆர்பத்நாட் கம்பெனி 1906-இல் சென்னையில் முறிந்தது. அதைக் கண்டு நம் முன்னோர் அழுதுகொண்டிருந்துவிடவில்லை. நமது திருவிடைமருதூரில் பிறந்த வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி அய்யர் முன்னின்று 1907-இல் இந்தியன் பாங்கியை ஸ்தாபித்தார். அதற்கும் முன்பே, 1904-இல், கும்பகோணம் பாங்கி தோன்றிவிட்டது. அதுவே இன்றைய சிட்டி யூனியன் பாங்கி.

சர்க்காரின் போக்குத்தான் விசித்திரம். 2018-இல் ரிசர்வ் பாங்கி போட்ட தடையை 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிற்று. 2022-இல் லாபத்தின்மேல் 30 சதவீத வரி வந்தது. விற்பனையில் 1 சதவீதப் பிடித்தமும் வந்தது. ஒரு நாணயத்தில் கண்ட நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவும் இடமில்லை. 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுக்காரர் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அந்த ஏற்பாடு கள்ளப் பணத்தைப் பிடிப்பதற்கு. குடியானவன் பணத்தைக் காப்பதற்கன்று. வரிக்குத் திறந்த கண் காவலுக்கு ஏன் மூடிக்கொண்டது? கிரிப்டோ நாணயம் சொத்தே, பிறர்பொருட்டு நம்பிக்கையாக வைக்கத்தக்கதே என்று 2025 அக்டோபரில் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. அச்சொத்தைக் கடைக்காரர் தம் சொத்தோடு கலவாமல் தனியே வைக்கவேண்டுமென்று பார்லிமெண்டு தெளிவாகச் சட்டம் செய்யவேண்டும்.

வாலிபரிடம் நாம் கூறியது இது: புரோகிராமை எழுதுங்கள், பிறர் சாவியை மட்டும் வாங்காதீர்கள், வெறும் தரகாயினும் பதிவு செய்யாமல் ஒரு ரூபாயும் தொடாதீர்கள். முகம் சுருங்கிற்று. அடுத்த வாரம் கணக்கோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.