நம்ம மாவட்டத்தில் கடல் இல்லையே!



நான் பணியில் இருந்தபோது ஒருநாள் துருவப் பனி உருகுவது பற்றிப் பாடம் நடத்தினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், நம்ம மாவட்டத்துல கடலே இல்லை. அங்க பனி உருகினா நமக்கென்ன சார்?" வகுப்பே சிரித்தது. எனக்கும் அன்று சரியான பதில் வாயில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

சிவகாசியில் பட்டாசு காய வெயில் வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வேலை நிற்கும். உங்களில் பலருடைய வீட்டில் அந்த வாரக் கூலி குறையும். பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தி போட்டவரோ அதே மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மழை எப்போது, எவ்வளவு?

அந்தக் கணக்குக்காகவும்தான் நம் விஞ்ஞானிகள் ஆர்க்டிக் வரை போகிறார்கள். முதல் குழு 2007-இல் போனது. 2008-இல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது 2014 ஜூலையில் நடந்தது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தாரும் கோவாவின் துருவ ஆய்வு மையத்தாரும் சேர்ந்து, 'லான்ஸ்' என்ற நார்வே ஆய்வுக் கப்பலிலிருந்து 'இண்ட்ஆர்க்' என்ற கருவித் தொகுப்பை அங்கே கடலில் இறக்கினார்கள். ஆழம் 192 மீட்டர். கல்லில் கட்டிய பலூனை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் எடை, மேலே மிதவை, நடுவில் வரிசையாகக் கருவிகள். மாதக்கணக்கில் சூரியனே எழாத குளிர்காலத்திலும் அது தன்பாட்டுக்கு நீரின் வெப்பம், உப்பு, நீரோட்டம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருக்கும். அடுத்த ஆண்டு அதை மேலே எடுத்து, பதிவுகளைப் பெற்றுக்கொண்டு, திரும்ப இறக்கினார்கள்.

பனி குறைந்தால் என்ன ஆகும்? சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நின்றிருக்கிறீர்களா? சுண்ணாம்பு அடித்த மொட்டைமாடி அந்த அளவு சுடாது. வெண்பனியும் அப்படியே, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பனி போன இடத்தில் தெரியும் கரிய கடல்நீர் வெயிலை விழுங்கிச் சூடாகும். அந்தச் சூட்டில் இன்னும் பனி உருகும். செயற்கைக்கோள்கள் அளந்ததில், ஆர்க்டிக் கடல்பனி மிகவும் சுருங்கியது 2012 செப்டம்பரில். இது நம் பருவமழையை எப்படித் தொடுகிறது என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

"ஐஸைப் பார்க்க இவ்வளவு செலவா?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு மழைநாளில் நம் ஊரில் எத்தனை வீட்டுக் கூலி போகிறது என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் இப்போது ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். தீபாவளிக்கு முன்பு கடைத்தெருவில் பார்த்தேன். வணக்கம் சொன்ன கையோடு அவன் கேட்டது: "சார், நாளைக்கு மழை வருமா?"