பட்டம் மட்டும் உயிர் காக்குமா?

நள்ளிரவில் பாயில் உறங்கிய விவசாயி ஒருவரை எட்டடி விரியன் தீண்டிவிடுகின்றது. கடிவாயில் வீக்கமில்லை, நோவும் பெரிதாக இல்லை. வயிற்றுவலி என்றே அவரைக் கிராமத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கின்றனர். அங்கே கடமையிலிருப்பவர் அண்மையிற் பயிற்சி முடித்த இளம் வைத்தியர். நோயாளியின் இமைகள் தாழ்வதைக் கண்டு, அடுத்துத் தளரப்போவது மூச்சே என்பதை உணர்ந்து, முகமூடியும் காற்றுப்பையுங் கொண்டு சுவாசங் கொடுக்க அவருக்குக் கைவருமா? அந்த ஏழையின் உயிர் இவ்வொரு வினாவிலேயே தங்கியிருக்கின்றது.

எமது வைத்திய மாணவர்கள் ஐந்தாண்டு கற்று, ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் பெறுகின்றனர். அவர்களுடைய பாடத்தில் அவசர சிகிச்சை இல்லையென நாம் கூறவில்லை. ஏட்டில் இருப்பது கையில் இருக்கின்றதா என்பதே எமது கேள்வி.

ஆகவே, பட்டம் பெறுமுன் ஒவ்வொரு மாணவரும் செய்துகாட்ட வேண்டியவை எவையென வரையறுத்தல் வேண்டும். அடைபட்ட மூச்சுவழியைத் திறத்தல். நின்ற இதயத்துக்காக நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை மார்பை அழுத்துதல். பெருகும் குருதியை நிறுத்துதல். புடையன் கடித்தவரின் இரத்தம் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடத்தில் உறைகின்றதா எனப் பார்த்தல். கடும் ஒவ்வாமைக்குத் தாமதமின்றித் தொடையில் அட்ரினலின் ஏற்றுதல். பெரிய வைத்தியசாலைக்கு எப்போது அனுப்புவதென அறிதல். பட்டியல் குறுகியதாக இருக்கட்டும். பரீட்சை கண்டிப்பானதாக இருக்கட்டும். ஆசிரியர் நேரிற் கண்டு ஒப்புக்கொள்ளாத திறமை திறமையாகாது.

விசேட நிபுணர்கள் இருக்கின்றனரே என்பர் சிலர். நெடுந்தீவில் மயங்கி விழுந்தவர் நிபுணரைக் காணக் கடல் கடக்க வேண்டும். 1990 அம்புலன்ஸ் சேவை 2016இல் ஆரம்பமாகி, 2018இல் வடக்கிற்கும் வந்தது, நன்று. ஆனால், வண்டி வாசலுக்குத்தான் கொண்டுவரும். வாசலில் ஏற்பவருக்கு வித்தை தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னுமொரு திறமையை நாம் வற்புறுத்துகின்றோம். அதுவே நோயாளியின் மொழி. “எப்போது கடித்தது? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?” என்று கேட்க முடியாத வைத்தியர் பாதிக் குருடரே. 1987இல் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அவ்வெழுத்து நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்ந்துவிட்டதா? சிங்கள மாணவர் தமிழையும், தமிழ் மாணவர் சிங்களத்தையும் அவசர வேளைக்கு வேண்டிய அளவாவது கற்றல் வேண்டும். பொலன்னறுவை விவசாயியின் உயிரும் வன்னி விவசாயியின் உயிரும் ஒரே விலையுடையவையே. மக்களின் மொழியில் வைத்தியம் என்பது புதுக் கோரிக்கையுமன்று; பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வைத்தியர் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார்.

இலவசக் கல்விக்குப் பணந் தருவோர் இந்நாட்டு மக்கள். தம் வரிப்பணத்தால் உருவாகும் வைத்தியர், ஆபத்து வேளையில் என்ன செய்ய வல்லவர் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமைக்குப் பல்கலைக்கழகங்களும் சுகாதார அமைச்சும் விடை கூறட்டும்.