கணக்கு வேறு, கேள்வி பதில் வேறு

அரியக்குடியிலிருந்து காரைக்குடிக்குப் போய் ப்ளஸ் டூவில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளை எழுதும் பைத்தான் நிரல் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும்: இன்புட் மூலம் கேள், கணக்குப் போடு, பிரிண்ட் செய். செட்டிநாட்டுக்காரர்கள் பர்மா வரை கொண்டுபோன வட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அசல் 10,000, மாதம் நூற்றுக்கு 2 வட்டி, 3 மாதம். திரையில் 600 வந்தால் நிரல் சரி என்று ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்துவிடும். மாதம் 0 என்றால்? ஒன்றரை மாதம் என்றால்? பத்து விதமாகப் பார்க்க முப்பது முறை எண்ணைத் தட்ட வேண்டும். ஒரு வரியைத் திருத்தினால் மறுபடி முப்பது. யாரும் செய்வதில்லை. பிள்ளைகளின் சோம்பல் அல்ல இது. கணக்கையும் கேள்வி பதிலையும் ஒரே செயற்கூறில் அடைத்ததன் பலன். அசல், வட்டி, மாதம் மூன்றையும் வாங்கி 600 என்று திருப்பித் தருவதோடு செயற்கூறின் வேலை முடியட்டும். பத்து சோதனைகளையும் ஒருமுறை எழுதிவைத்தால் கணினியே நொடியில் ஓட்டிக் காட்டும். அதற்கான யூனிட்டெஸ்ட் என்ற தொகுதி 2001 முதல் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது; பள்ளி ஆய்வகத்தில் தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

நிரலைப் பிரிக்காமலே சோதிக்கலாமே என்பார்கள். முடியும். இன்புட் கேட்கும் இடத்தில் எழுதிவைத்த பதில்களை ஊட்டி, பிரிண்ட் அனுப்புவதை வழிமறித்துப் பிடிக்கும் மாக் வசதி 2012 முதல் பைத்தானிலேயே உண்டு. ஆனால் "வட்டி: 600" என்பதை "வட்டி ரூ.600" என்று அழகுபடுத்திய அன்றே அத்தனை சோதனைகளும் தோற்கும், கணக்கில் ஒரு பிழையும் இல்லாதபோதே.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. இன்புட் தருவது எப்போதும் எழுத்துச் சரம்தான், எண் அல்ல. எண்ணாக மாற்ற மறந்து, இன்புட்டில் வாங்கிய அசலையும் வட்டித் தொகையையும் அப்படியே கூட்டினால் 10,600 வராது, 10000600 என்று ஒட்டிக்கொண்டு வரும். கணக்குச் செயற்கூறை மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படாது. உண்மைதான். மாக் கைகொடுக்க வேண்டிய இடம் அதுவே: கேட்டு வாங்கும் பகுதிக்கு ஒன்றோ இரண்டோ சோதனை போதும், மற்றவையெல்லாம் கணக்கை நேராகக் கேட்கட்டும். பத்து வரி நிரலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றால், பிரித்த பிறகும் அது பன்னிரண்டு வரிதான். செய்முறைத் தேர்வு வினாத்தாளில் ஒரு வரி சேர்த்தால் மாற்றம் தொடங்கிவிடும்: "விடையைத் திருப்பித் தரும் செயற்கூறு எழுதி, மாதம் 0 உட்பட மூன்று சோதனைகள் சேர்க்கவும்."